நீரோட்டத்தை எதிர்த்து ஏறும் நஞ்சு

அவையோருக்கு வணக்கம்.

நதிமூலம், ரிஷிமூலம் இரண்டையும் தேடக் கூடாது என்பார்கள். ரிஷிமூலத்தை விட்டுவிடுவோம், அது அவரவர் சொந்த விவகாரம். நதிமூலத்தைத்தான் இன்றைக்குக் கொஞ்சம் கிளறப் போகிறேன்.

நதிமூலம் என்றதும் மனதில் என்ன வருகிறது? மலை, பனி, கண்ணாடி மாதிரித் தண்ணீர். ஆலை, சாக்கடை, வயலில் அடித்த மருந்து எல்லாம் கீழே. தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும், அழுக்கும் அதோடு போய்க் கடலில் சேரும். ஆக, மேலே போகப் போகச் சுத்தம் என்று நம்புகிறோம். பெரும்பாலும் அது சரியும்கூட. ஆனால் தண்ணீர் இறங்கும் வழியிலேயே மீன் ஏறுகிறது.

வட பசிபிக்கின் சாக்கை சால்மனை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரியில் ஓரிரு ஆண்டு வளர்ந்து கடலுக்கு இறங்கும்போது அது விரல் நீளக் குஞ்சு, எடை சில கிராம். இரண்டு மூன்று ஆண்டு கழித்துத் திரும்பும்போது இரண்டரை, மூன்று கிலோ. கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்த உடம்பில் 99 சதவீதத்துக்கு மேல் கடலில் தின்று சேர்த்தது. பிறந்த ஏரியின் விலாசத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மூன்று கிலோ கடல் மலையேறி வருகிறது என்றே சொல்லலாம். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உள்ள ரெட்ஃபிஷ் ஏரிக்குப் போகும் சாக்கை சுமார் 1,450 கிலோமீட்டர் நீந்தி, ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம் ஏறுகிறது. நன்னீருக்குள் நுழைந்தபின் அது இரை எடுப்பதில்லை.

வந்து சேரும்போது மீனைப் பார்த்தால் அடையாளமே தெரியாது. கடலில் வெள்ளிபோல் மின்னிய உடம்பு செக்கச்செவேல் என்று சிவந்திருக்கும், தலை பச்சை. ஆணுக்குத் தாடை கொக்கிபோல் வளைந்து பல் வெளியே நிற்கும். பெண், ஓரடி இரண்டடித் தண்ணீரில் ஒருக்களித்துப் படுத்து வாலால் கூழாங்கற்களை அடித்து அடித்துக் குழி பறிக்கும். பறித்துப் பறித்து வால் ஓரம் கிழிந்து, வெள்ளையாகத் தேய்ந்துபோயிருக்கும். முட்டையிட்ட சில நாட்களில் சாவு. கரையோரம் பிணங்கள் மிதக்கும், ஈ முட்டையிடும், கரடி இழுத்துக்கொண்டு காட்டுக்குள் போகும். மேலே ஒரு மீன் குழி பறிக்கும்போது கீழே உருண்டு வரும் சிவப்பு முட்டைகளை ஏரியின் மற்ற மீன்கள் காத்திருந்து விழுங்கும்.

இந்தச் சாவை விஞ்ஞானிகள் நெடுங்காலமாகக் கொண்டாடி வந்தார்கள், தவறில்லை. சத்துக் குறைந்த குளிர்நீர் ஏரிக்கு நைட்ரஜனும் பாஸ்பரசும் கடலிலிருந்து வருகின்றன. கடல் உணவுச் சங்கிலியின் மேற்படிகளில் தின்று வளர்ந்த உடம்பில் நைட்ரஜன்-15 என்ற கனமான வகை சற்றே கூடுதலாக இருக்கும். அதை வைத்து, கரையில் நிற்கும் மரத்தின் இலையில்கூட சால்மன் இருக்கிறது என்று காட்டிவிட்டார்கள்.

சரி, உரம் ஏற்றி வரும் வண்டியில் வேறு சரக்கு எதுவும் இருக்காதா?

பி.சி.பி. என்று ஒரு ரசாயனக் குடும்பம். முழுப்பெயர் பாலிகுளோரினேட்டட் பைஃபினைல். மின்மாற்றி எண்ணெயில், மின்தேக்கியில், பெயிண்டில் எல்லாம் போட்டார்கள். 1929-லேயே அமெரிக்காவில் வணிக உற்பத்தி தொடங்கிவிட்டது. எரியாது, சிதையாது என்பதுதான் அதன் பெருமை. டி.டி.டி. என்ற பூச்சிமருந்தைத் தேடிக்கொண்டிருந்த ஸ்வீடன் வேதியியலாளர் சோரன் யென்சன், 1966-ல் இது உயிரினங்களின் உடம்பில் ஏறிக் கிடப்பதை அறிவித்தார். 1979-ல் அமெரிக்கா உற்பத்தியைத் தடை செய்தது. அதற்குள் உலகம் முழுக்கப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் செய்து முடித்தாயிற்று. இது தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். மிதவையுயிரியிலிருந்து சின்ன மீன், சின்ன மீனிலிருந்து பெரிய மீன் என்று படிக்குப் படி செறிவு கூடும்.

இப்போது பயணத்தை நினைத்துப் பாருங்கள். சாப்பாடு இல்லை, மலை ஏற வேண்டும், முட்டையும் வளர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் எரிபொருள் உடம்புக் கொழுப்புதான். ஒரு பாத்திரம் உப்புத் தண்ணீரை அடுப்பில் வைத்தால் தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது. அதேபோலக் கொழுப்பு எரியும், பி.சி.பி. எரியாது. மிச்சமிருக்கும் கொழுப்பில் கரித்துக்கொண்டு நிற்கும். முட்டையிடும் இடத்தை அடையும்போது, கொழுப்புக்குக் கணக்கிட்டால், கடலில் இருந்ததைவிடச் செறிவு அதிகம். அந்தச் செறிவோடுதான் மீன் சாகிறது.

இதை முதலில் மெனக்கெட்டுப் பார்த்தவர்கள் என்று ஸ்வீடனைச் சேர்ந்த யோரான் எவால்டையும் அவர் கூட்டாளிகளையும் சொல்ல வேண்டும். அவர்களுடைய ஆய்வு 1998-ல் வந்தது. அலாஸ்காவின் காப்பர் ஆற்றுப் படுகையில் இரண்டு ஏரிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றுக்குச் சாக்கை வரும், மற்றொன்றுக்கு வராது. இரண்டிலும் கிரேலிங் என்ற மீன் உண்டு. ஏரியை விட்டுக் கடலையே பார்க்காத மீன் அது. சால்மன் வரும் ஏரியின் கிரேலிங்கில் மாசு இரு மடங்குக்கும் மேல். எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொரு விஷயம். பி.சி.பி. என்பது ஒரே பொருள் அல்ல, இருநூற்றுச் சொச்சம் உறவுக்காரர்கள். எந்த உறவுக்காரர் எத்தனை பங்கு என்பது கைரேகை மாதிரி. சால்மன் ஏரிக் கிரேலிங்கின் ரேகை சால்மனின் ரேகையோடு பொருந்தியது. மற்ற ஏரியில் அப்படிப் பொருந்தவில்லை, அங்கே மாசு காற்று வழியாக வந்தது. துப்பறியும் கதையில் இதற்கு மேல் என்ன வேண்டும்?

அப்புறம் 2003-ல் கனடாவின் ஏவா க்ரூமலும் ஜூல்ஸ் பிளேயும் மற்றவர்களும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அவர்கள் மீனை விட்டுவிட்டு ஏரியின் அடிச்சேற்றைப் பார்த்தார்கள். குழாயை இறக்கி வண்டலை அடுக்குக் கலையாமல் எடுத்தால், மேலடுக்கு சமீபத்தியது, கீழே போகப் போகப் பழசு. அலாஸ்காவின் பல ஏரிகளை ஒப்பிட்டபோது, எந்த ஏரிக்குச் சால்மன் நெரிசலாக வருகிறதோ அதன் சேற்றில் பி.சி.பி.யும் அதிகம். காற்றில் வந்து படிவதை மீன் கொண்டுவருவது பல மடங்கு மிஞ்சியது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நமக்குச் சொன்னது. போட்டவர்கள் யாரும் அளக்கவில்லை, அளக்கும் வேலை பல வருஷம் கழித்து இவர்கள் தலையில் விழுந்தது.

ஒன்றைச் சொல்லாவிட்டால் உங்களைப் பயமுறுத்தியதாகிவிடும். ஒரு தனி சாக்கையில் இருப்பது மிக மிகக் கொஞ்சம், நூறு கோடியில் சில பங்கு என்ற அளவில் பேசுகிறோம். சிக்கல், பரந்த கடலில் சிதறிக் கிடந்ததைக் கோடிக்கணக்கான மீன்கள் பொறுக்கி எடுத்துவந்து சில ஏரிகளில் கொட்டுவதில் இருக்கிறது. அலாஸ்காவின் பிரிஸ்டல் வளைகுடாவுக்கு 2022-ல் திரும்பிய சாக்கை ஏறக்குறைய 7.9 கோடி. பறவைகளும் இந்த வேலையைச் செய்கின்றன, ஆர்க்டிக்கின் டெவன் தீவில் கடற்பறவைகளின் எச்சம் விழும் குளங்களில் பாதரசமும் டி.டி.டி.யும் ஏறியிருப்பதை 2005-ல் பிளே குழுவினரே காட்டினார்கள்.

தனி மீனில் குறைவு என்ற ஆறுதலும் எல்லா இடத்திலும் கிடைக்காது. வட அமெரிக்கப் பேரேரிகளுக்கு வாருங்கள். மிச்சிகன் ஏரியில் ஏல்வைஃப் என்ற வந்தேறி மீன் பெருகி, செத்துச் செத்துக் கரை ஒதுங்கியது. அதைத் தின்னட்டும் என்று 1966-ல் பசிபிக்கின் கோஹோ சால்மனையும், மறு ஆண்டே சினூக்கையும் விட்டார்கள். தூண்டில்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் இந்த ஏரியைச் சுற்றி ஆலைகள், மீனின் உடம்பில் மாசு திறந்த கடலில் இருப்பதைவிட அதிகம். அந்தக் காலத்தில் ரோமத்துக்காக மிங்க் என்ற கீரி மாதிரியான விலங்கை வளர்த்த பண்ணைகளில் இந்தச் சால்மனைத் தீனியாகப் போட்டார்கள். குட்டிகள் பிழைக்கவில்லை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தபோது பி.சி.பி.யில் போய் நின்றது.

இந்தச் சால்மன்களும் முட்டையிட ஓடைகளில் ஏறுகின்றன. ஏறும் ஓடைகளில் உள்ளூர் டிரவுட் மீன்களில் மாசு கூடுகிறது, காரணம் பெரும்பாலும் அந்தச் சிவப்பு முட்டைகள்தான். வழியில் அணை இருந்தால்? 1990-களில் மிச்சிகனின் ஆறுகளில் பார்த்தார்கள். அணைக்குக் கீழே உள்ள மீன்களில் மாசு அதிகம், மேலே குறைவு. மீன் தின்னும் மிங்க்குக்கும் வெண்தலைக் கழுகுக்கும் அணைக்கு மேற்பகுதிதான் பத்திரம்.

அணையை எதிர்த்துப் பேசிப் பழகிய என் போன்றவர்களுக்கு இதை ஜீரணிப்பது சுலபமாக இல்லை. ஆற்றைத் திறந்துவிடு, மீனை விடு என்று எத்தனை மேடையில் பேசியிருக்கிறேன்! இப்போதும் என் கட்சி அதுதான். பூர்வீகமாக மீன் ஏறிய ஆற்றில் உரத்தை மறித்தால் இழப்பே பெரிது. ஆனால் பேரேரிப் பக்கத்து ஆற்றில் எந்த மீன், எந்த ஏரியிலிருந்து, எத்தனை என்று கேட்காமல் கதவைத் திறப்பதை இனி நான் ஆதரிக்க மாட்டேன்.

அப்படிக் கேட்கிற ஒரு கதவைக் கட்டவும் தொடங்கியிருக்கிறார்கள். மிச்சிகனின் டிராவர்ஸ் சிட்டியில், போர்டுமேன் ஆற்றின் பழைய யூனியன் தெரு அணை இருந்த இடத்தில், 'ஃபிஷ்பாஸ்' என்று பெயர். அதற்கு மேலே இருந்த மூன்று அணைகளை 2012-க்கும் 2018-க்கும் இடையே எடுத்தாயிற்று. மீனின் உடல்வடிவம், நீந்தும் வேகம், குணம் ஆகியவற்றைப் பார்த்து, வேண்டியதை மேலே விட்டு, மற்ற மீன்களின் ரத்தம் உறிஞ்சும் கடல் லாம்ப்ரே போன்ற வேண்டாததைத் தடுப்பது திட்டம். வேண்டியவற்றின் பட்டியலில் ஏரி ஸ்டர்ஜன் இருக்கிறது. அந்த மண்ணின் மீன், நூறாண்டுகூட வாழும். அத்தனை ஆண்டும் அதே மிச்சிகன் ஏரியில்தான் தின்று கொழுத்திருக்கும்.

மணி அடித்துவிட்டார்கள். கேள்வி இருந்தால் கேளுங்கள், அந்த ஸ்டர்ஜனை மேலே விடலாமா என்பதிலிருந்தே தொடங்கலாம்.