காளான் ஈ புது இனம்தானா? எப்படி முடிவு பண்றாங்க? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். கேமரன்மலை ரிங்லெட்ல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க: "எங்க சிப்பிக்காளான் கொட்டகையில சின்னச் சின்ன கறுப்பு ஈ மொய்க்குது. மேல காட்டுப் பாதையிலயும் அதே மாதிரி பறக்குது. மலையில புது இன காளான் ஈ கண்டுபிடிச்சிருக்காங்கன்னு படிச்சேன். எங்க கொட்டகையில இருக்கிறதும் புதுசா இருக்குமா? ஹேன்போன்ல படம் எடுத்து அனுப்பினா சொல்லிடலாமா?"

படத்தை வச்சு எந்தக் குடும்பம்ங்கிறது வரைக்கும் சொல்லலாம் அக்கா. இனத்தைச் சொல்ல முடியாது. ஏன்னு விளக்குறேன்.

முதல்ல கொட்டகை விஷயம். காளான் கொட்டகையில மொய்க்கிறது பெரும்பாலும் சியாரிடே குடும்பம். உருப்பெருக்கிக் கண்ணாடி வச்சுப் பாத்தா, உணர்கொம்புக்கு மேல ரெண்டு கண்ணும் ஒரு பாலம் மாதிரி சேர்ந்திருக்கும். இறக்கை நடுவுல ஒரு நரம்பு கவட்டையா பிரியும். காளான் பையைக் கிழிச்சுப் பாத்தா புழு வெள்ளையா, தலை மட்டும் பளபளன்னு கறுப்பா இருக்கும். காட்டுப் பாதையில பாக்குறது காளான் ஈக் குடும்பமான மைசிட்டோஃபிலிடேவா இருக்கலாம். அதுக்கு மார்பு கூன் போட்ட மாதிரி தூக்கி நிக்கும், காலோட அடித்துண்டு நீளமா இருக்கும், காலுல நல்லா தெரியற முள்ளு இருக்கும். ரெண்டும் கடிக்காது. கொசுவுக்கு இருக்கிற நீள ஊசிவாயும் இல்ல, இறக்கையில செதிலும் இல்ல. டிங்கி பயம் வேணாம்.

இப்ப புது இனம். மைசிட்டோஃபிலிடேல மட்டும் உலகத்துல 4,000க்கு மேல இனங்களுக்குப் பேர் வச்சாச்சு. ஒண்ணு புதுசுன்னு சொல்லணும்னா, அந்தப் பேரினத்துல, அதாவது நெருங்கின இனங்களோட கூட்டத்துல, விலங்குகளுக்கு அறிவியல் பேர் வைக்கிற முறை தொடங்கின 1758ல இருந்து பேர் வச்ச எதோடயும் இது ஒத்துப்போகலன்னு காட்டணும். நம்ம ஊரு பூச்சியும் அதுல உண்டு. 1928லயே எஃப். டபிள்யூ. எட்வர்ட்ஸ்ங்கிறவர் மலாயா அருங்காட்சியகங்கள் சேகரிச்ச இந்த வகைப் பூச்சிகளைப் பத்தி விரிவா எழுதியிருக்காரு. அதைப் படிக்காம கேமரன்மலை பூச்சியைப் புதுசுன்னு சொல்லவே கூடாது.

சரி, எதை ஒப்பிடுறது? நிறத்தை நம்பக் கூடாது. ஆல்கஹால்ல கிடந்தா வெளுத்துப்போகும். அளவையும் நம்பக் கூடாது, புழுவா இருந்தப்ப சாப்பாடு குறைஞ்சிருந்தா ஈயும் சின்னதாத்தான் வரும். முடிவு சொல்றது ஆண் பூச்சியோட வால் நுனி, அதாவது இனப்பெருக்க உறுப்பு. பக்கத்து பக்கத்து இனத்துல இறக்கை, கால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், ஆனா அந்த நுனியில இருக்கிற கவ்வி, அதோட முள்ளு, முடி வரிசை இனத்துக்கு இனம் மாறும். பெண்ணை மட்டும் வச்சுக்கிட்டு இனம் சொல்றது ரொம்பக் கஷ்டம். அதனாலதான் பேர் வைக்கிறப்ப ஆதார மாதிரியா, ஹோலோடைப்னு சொல்றது, பெரும்பாலும் ஆண் பூச்சியாவே இருக்கும்.

அதைப் பாக்குற முறையைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன், தப்பு நடக்கிறது இங்கதான். வயித்தோட கடைசிப் பகுதியை மெல்லிய ஊசியால வெட்டி, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடுங்கிற காரக் கரைசல்ல போடுவாங்க. சூடு பண்ணாம ராத்திரி முழுக்க விடலாம், இல்லன்னா வெதுவெதுப்பா வச்சு அடிக்கடி எடுத்துப் பாக்கலாம். தசை கரைஞ்சு கூடு மட்டும் நிக்கணும். அளவுக்கு மீறி விட்டா மெல்லிய சவ்வு கண்ணாடி மாதிரி ஆகி ஒண்ணும் தெரியாது, முடியும் உதிரும். அப்புறம் துளி அசெட்டிக் அமிலத்துல போட்டு காரத்தை முறிச்சு, தண்ணியில கழுவி, குழி உள்ள சிலைடுல கிளிசரின் விட்டு வைக்கணும். கிளிசரின்ல இருக்கிறப்ப உருட்டி மேல, கீழ, பக்கவாட்டுன்னு மூணு கோணத்துலயும் படம் வரையணும். அதுக்கு முன்னாடியே மூடி கண்ணாடியை அழுத்திட்டா கவ்வி நசுங்கி விரியும். நசுங்கின வடிவத்தை வரைஞ்சா இல்லாத ஒரு இனம் தாள்ல பிறந்துடும். பின்னாடி வர்றவங்க அதைக் களையெடுக்கப் பல வருஷம் ஆகும்.

டிஎன்ஏ வேணும்னா காரத்துல போடறதுக்கு முன்னாடியே ஒரு காலைத் தனியா எடுத்து வச்சிடணும், காரம் டிஎன்ஏவைக் கெடுத்துடும். இதுக்குன்னு பாக்குறது சிஓஐங்கிற மரபணுவுல 658 டிஎன்ஏ எழுத்து உள்ள ஒரு துண்டு. ஆணையும் பெண்ணையும் ஜோடி சேர்க்க இது அருமையா உதவும். ஆனா இத்தனை சதவீதம் வித்தியாசம் இருந்தா புது இனம்னு ஒரு கோடு கிடையாது. வோல்பேக்கியான்னு ஒரு பாக்டீரியா பூச்சிக்குள்ள இருந்தா, இந்தத் துண்டு மட்டும் தப்பான கதை சொல்லும். வடிவமும் டிஎன்ஏவும் ஒரே பக்கம் கை காட்டணும்.

மலையில ஏன் இவ்வளவு புதுசுன்னா, இந்த ஈக்கு ஈரமும் நிழலும் குளிரும் வேணும், தூரமா பறக்கிற பலமும் இல்ல. பிரிஞ்சாங் மலை 2,000 மீட்டருக்கு மேல, பாசி மூடின காடு. கீழ தாப்பா பக்கம் சூடு. ஒரு உச்சியில இருக்கிறது சூடான பள்ளத்தைத் தாண்டி அடுத்த உச்சிக்குப் போறது கஷ்டம், காலப்போக்குல தனியாப் பிரியும்.

பிடிக்கிறதுக்கு மாலேஸ் பொறின்னு கூடாரம் மாதிரி வலை இருக்கு. பூச்சி நடுச் சுவர்ல மோதி, வெளிச்சத்தைப் பாத்து மேல ஏறி, உச்சியில கட்டின ஆல்கஹால் போத்தல்ல விழும். அழுகின மரம் கிடக்கிற ஓடையோரம் நல்ல இடம், போத்தல் பக்கம் வெளிச்சம் இருக்கணும். மலை மழையில தண்ணி இறங்கி ஆல்கஹால் நீர்த்துப்போனா எல்லாம் அழுகிடும், அதனால வாரம் ஒரு தடவையாவது மாத்தணும். காப்புக்காட்டுல அனுமதி இல்லாம இதைக் கட்டாதீங்க, வன இலாகாகிட்ட முன்கூட்டியே கேக்கணும். உயிரியல் வளங்களைப் பத்தி 2017ல வந்த 795வது சட்டப்படி, ஆய்வுக்கு உயிரின மாதிரி எடுக்கிறதுக்கும் பெர்மிட் விதி இருக்கு.

இன்னொண்ணு, பேரை இந்த மாதிரி வீடியோவுல சொன்னா அது செல்லாது. முறையா வெளியான ஆய்வுக் கட்டுரையில விளக்கம், ஹோலோடைப், அது எந்த அருங்காட்சியகத்துல இருக்குங்கிற விவரம் எல்லாம் வரணும். மின்னிதழ்ல மட்டும் வந்தா, விலங்குப் பேர்களுக்கான இணையப் பதிவேடான ஸூபேங்க்ல பதிவும் வேணும், 2012ல இருந்து அந்த விதி.

அக்கா, உங்க கொட்டகைக்கு இப்ப செய்ய வேண்டியது: மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டுங்க, ஆனா அது எண்ணிக்கை பாக்க மட்டும்தான், பசையில ஒட்டின பூச்சி ஆய்வுக்கு உதவாது. காய்ச்சு ஓஞ்ச பைகளைக் கொட்டகைக்குள்ள விடாம அப்புறப்படுத்துங்க, சன்னல்ல நெருக்கமான வலை அடிங்க. இனம் தெரிஞ்சுக்கணும்னா உயிரோட பிடிச்சு, சாயம் கலக்காத 95 சதவீத எத்தனால்ல போடுங்க. நிறைய போட்டா மறுநாள் ஒரு தடவை எத்தனாலை மாத்துங்க, பூச்சி உடம்புத் தண்ணி அதை நீர்த்துடும். இடம், உயரம், தேதி, எப்படிப் பிடிச்சதுங்கிறதைப் பென்சில்ல எழுதி போத்தலுக்கு உள்ளேயே போடுங்க. பேனா மை ஆல்கஹால்ல கரைஞ்சிடும், வெளியில ஒட்டுன சீட்டு கழண்டுடும். கொட்டகைப் பூச்சியும் காட்டுப் பூச்சியும் ஒரே போத்தல்ல கலக்கவே கூடாது.