ரசிகர் கையில் கொடுக்கும் பொருள்

(வேலூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையோர்க்கு வணக்கம்.

ரசிகருக்குப் பரிசு வாங்குவது மாமியார் வீட்டுக்குச் சமைத்துக் கொண்டுபோவது மாதிரி. நன்றாக இருப்பது யார் கண்ணிலும் படாது. குறைதான் முதலில் படும். 1983 உலகக் கோப்பை நினைவாக ஒரு குவளை அடிக்கிறார்கள், கபில் தேவுக்கு நீலச் சட்டை மாட்டி! அந்த ஜூன் 25 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் இரண்டு அணிகளும் வெள்ளை உடையில்தான் ஆடின. பந்து சிவப்பு. உலகக் கோப்பைக்கு வண்ண உடை வந்தது 1992இல். முதுகில் எண் வந்தது 1999இல். வாங்கிக்கொள்கிறவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். குவளை அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விடும்.

குவளைக்கென்று சில விஷயங்கள் உண்டு. படம் ஏறுவதற்கு மேலே பாலியஸ்டர் பூச்சு உள்ள வெள்ளைக் குவளைதான் வேண்டும். பாத்திரக் கடைப் பீங்கானில் ஏறாது. வழக்கமான அளவு 11 அவுன்ஸ். படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி அச்சிட்டு, தாளைச் சூடு தாங்கும் டேப்பால் இறுக ஒட்டி, சுமார் 180 டிகிரியில் மூன்று நிமிடம் அழுத்துவார்கள். தாள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முகம் நிழலாக விழும். பிடிக்கு இரண்டு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் விடுங்கள். அழுத்தம் அங்கே சரியாகப் போகாது, நிறம் வெளிறும்.

படத்தைவிட எழுத்துதான் அதிகம் காலை வாரும். செல்பேசியில் சரியாக இருந்த ‘கொடி’ கடைக் கணினியில் ஒற்றைக்கொம்பு இடம் மாறி வரும். யூனிகோடு எழுத்தைப் பழைய மென்பொருள் கோக்கத் தெரியாமல் கோப்பதால் வரும் வினை இது. எழுத்தாக அனுப்பாமல் படமாக மாற்றி அனுப்புங்கள். அச்சுக்கு முன் ஒருவர் எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும்.

அடுத்து, நம் மாவட்டத்துச் சரக்கு: தோல். ராணிப்பேட்டையும் ஆம்பூரும் பக்கத்திலேயே இருக்கும்போது தோல் சாவிக்கொத்து கொடுப்பது அழகுதான். ஆனால் செருப்புக்கும் பைக்கும் வருவது பெரும்பாலும் குரோம் பதனிட்ட தோல். அதில் அச்சை அழுத்தினால் பள்ளம் நிற்காமல் மெல்ல எழும்பிவிடும். மரப்பட்டையில் பதனிட்ட தோலைக் கேட்டு வாங்குங்கள். 2 முதல் 3 மில்லிமீட்டர் கனம் போதும். ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கறுத்த தோல் திரும்பத் தன் பழைய நிறத்துக்கு வரத் தொடங்கும். தொட்டால் சில்லென்று இருக்கும். அச்சை வைக்க வேண்டியது அப்போதுதான். முன்னால் வைத்தால் கோடு கொழகொழக்கும். பின்னால் வைத்தால் ஆழம் இராது. அச்சு பித்தளையாக இருக்கட்டும். ஈரத்தோலில் இரும்பு பட்டால் கருநீலக் கறை பிடிக்கும், அது லேசில் போகாது. நம் முன்னோர் கடுக்காயின் துவர்ப்பையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் கலந்து மை காய்ச்சினார்களே, அதே வேதியியல்தான்.

ஆனாலும் பழைய ரசிகருக்கு இவை எல்லாவற்றையும்விட உசத்தி, கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம். மலிவுத் தாள், மரக்கூழில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் வெளிச்சம் பட்டுப் பழுப்பேறி, மடித்த இடத்தில் ஒடியும். ‘பத்திரமாக இருக்கும்’ என்று லேமினேஷன் செய்து கொடுப்பவர்கள் உண்டு. நல்லெண்ணம்தான், ஆனால் பண்ணுவது கொலை. சூட்டில் உருகிய பசை தாளுக்குள் இறங்கிவிடும், மறுபடி பிரிக்கவே முடியாது. செலோடேப் சில வருஷத்தில் மஞ்சளாகிக் கசியும். மைதாப் பசையைப் பூச்சி தேடி வரும்.

சட்டம் போடுங்கள். அட்டையில் மூலைக்கூடு வைத்துப் புத்தகத்தைச் செருகினால் பசையே வேண்டாம். கண்ணாடி தாளைத் தொடக் கூடாது. இரண்டுக்கும் நடுவில், ஓரத்தைச் சுற்றி வரும் விளிம்பட்டை வைத்தால் இடைவெளி கிடைக்கும். கண்ணாடி தாளைத் தொட்டால் ஐப்பசி மழையில் ஈரம் கோத்து இரண்டும் ஒட்டிக்கொள்ளும். கத்திரி வெயில் அடிக்கும் மேற்குச் சுவர் ஆகாது. சட்டத்தின் பின்னால் கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே காற்றுப் போகும், ராமபாணப் பூச்சி தங்காது.

பின்பலகையை ஆணி அடித்து மூடாதீர்கள், திருகாணி போடச் சொல்லுங்கள். என்றாவது ஒரு நாள் அவர் அதை வெளியே எடுத்து, அந்தப் பாட்டைப் பார்த்துப் பாடத்தான் போகிறார்.