குளத்தங்கரையில ஒரு வருஷக் கணக்கு

எல்லாருக்கும் வணக்கம். பறவை பாக்கிறவன் ஒருத்தனைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னதுக்கு வானொலி நிலையத்துக்காரங்களுக்கு ரொம்ப நன்றி.

டிசம்பர் பாதி தாண்டிட்டா எனக்கு வீட்ல இருப்பு கொள்ளாது. வடகிழக்கு மழை பெஞ்சு குளமெல்லாம் பெருகிக் கெடக்கும், சில குளம் மறுகால் பாயும், பிசான நெல்லு சாகுபடிக்கு நட்டு வயல் பச்சையா நிக்கும், வடக்க இருந்து வர்ற பறவைங்க எல்லாம் அதுக்குள்ள வந்து எடம் பிடிச்சிருக்கும். ஆறுமணிக்குருவி அக்டோபர்லயே வந்திரும். விடியுறப்பயும் பொழுது சாயுறப்பயும் ரெண்டு விசில் மாதிரி கத்தும், அதை வச்சுத்தான் அந்தப் பேரே. கலர் கலரா இருந்தும் கண்ணுல பட மாட்டேங்குது, கீழ சருகுக்குள்ளயே தத்திட்டு இருக்கும். அதனால காதுதான் முதல்ல கண்டுபிடிக்கும்.

போன டிசம்பர் கடைசி ஞாயித்துக்கெழமை நாங்க மூணு பேரு எங்க பக்கத்துக் குளத்துக்குப் போனோம். காலையில கெழக்குக் கரையில நின்னாத்தான் வெயில் முதுகுக்குப் பின்னாடி இருக்கும், எதிர்ல இருக்கிற பறவையோட நிறம் தெரியும். எதிர்வெயில்ல பாத்தா எல்லா வாத்தும் கறுப்பாத்தான் தெரியும். நடுக்குளத்துல ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன்னு வாத்து வகைங்க, ஓரமா நாமக்கோழி கூட்டம். எப்படி எண்ணுவீங்கன்னு நெறைய பேரு கேப்பாங்க. முதல்ல பத்தை ஒழுங்கா எண்ணணும், அந்தப் பத்து எவ்வளவு எடத்தை அடைக்குதுன்னு கண்ணுல பதிய வச்சுக்கணும், அப்புறம் அதே அளவா இடமிருந்து வலமா பத்து பத்தா நகத்திட்டே போகணும், பெரிய கூட்டம்னா அம்பது, நூறுன்னு போகலாம். நாங்க முக்கால்வாசி எண்ணி முடிக்கிற நேரத்துல சேத்துப் பூனைப்பருந்து ஒண்ணு தாழப் பறந்து வந்துச்சு பாருங்க, அவ்வளவு வாத்தும் ஒரே சத்தமா எந்திரிச்சு ரெண்டு சுத்து சுத்தி வேற எடத்துல எறங்கிருச்சு. திரும்ப ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சோம். எனக்கு அது கஷ்டமாவே தெரியல, அந்த எறக்கைச் சத்தத்தைக் கேக்கிறதுக்கே இன்னொரு தடவை எண்ணலாம்.

அப்ப ஆடு மேய்ச்சிட்டு வந்த தாத்தா ஒருத்தர், "என்ன தம்பி பாக்கீய, மீன் குத்தகைக்கா?"ன்னு கேட்டாரு. "இல்ல தாத்தா, பறவை கணக்கெடுக்கோம்"னேன். பைனாகுலரை வாங்கிக் கண்ணுல வச்சுப் பாத்துட்டு ரொம்ப நேரம் திருப்பிக் குடுக்கல. அப்புறம் சொன்னாரு, "முன்ன பனங்காடை கம்பிக்குக் கம்பி உக்காந்திருக்கும் தம்பி, இப்ப எங்க காணும். மயிலுதான் பெருத்துப் போச்சு, விதைக்கவே விட மாட்டேங்கு."

எனக்குச் சிலிர்த்துப் போச்சு. ஏன்னா 2023ல வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையும் இதையேதான் சொல்லுது. 942 வகைப் பறவைகளை அலசி எழுதின அறிக்கை அது. பனங்காடை குறையுது, ஊசிவால் வாத்து குறையுது, மயில் கூடுதுன்னு அதுல இருக்கு. அந்த அறிக்கைக்கு அடிப்படையே உங்களையும் என்னையும் மாதிரி சாதாரண ஆளுங்க ஈபேர்ட்ங்கிற பறவைப் பதிவு இணையதளத்துல ஏத்தின பட்டியல்தான். ஒரு எடத்துல நின்னு குறைஞ்சது 15 நிமிஷம் பாக்கணும், பாத்தது கேட்டது எல்லாத்தையும் எழுதணும், அவ்வளவுதான். காக்காதானே, மைனாதானேன்னு விட்டுறக் கூடாது. பனங்காடையும் ஒரு காலத்துல அப்படி யாரும் கண்டுக்காத பறவையாத்தானே இருந்துச்சு.

எதுவும் இல்லைன்னாலும் அதையும் எழுதணும், இதை நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். 2023 டிசம்பர் 17, 18ல நம்ம திருநெல்வேலி மாவட்டத்துலயும் தூத்துக்குடியிலயும் பெஞ்ச மழையை யாரும் மறக்க முடியாது. அதுக்கடுத்த ஜனவரியில நாங்க போன குளத்துல தண்ணி கரை வரைக்கும் தளும்பி நின்னுச்சு. உள்ளான் மாதிரி சின்னப் பறவைக்குக் கணுக்கால் அளவு தண்ணியும் சேறும் வேணும், அதுல குத்திக் குத்தித்தான் புழுவை எடுக்கும். ஆழத் தண்ணியில அதுக்கு என்ன வேலை? ஒரு உள்ளான் கூட இல்ல. எனக்கு மனசே விட்டுப் போச்சு, இந்தக் குளத்தைக் கணக்குல சேக்க வேண்டாம்னு நெனச்சேன். கூட இருந்த அக்கா ஒருத்தங்கதான், "இல்லைங்கிறதும் கணக்குதான், தண்ணி மட்டத்தையும் சேத்து எழுது"ன்னாங்க. அடுத்த வருஷம் அதே குளத்துல சேறு தெரிஞ்சப்ப உள்ளான் வந்து நின்னுச்சு, அந்தப் பழைய பட்டியல் இல்லைன்னா எதோட ஒப்பிட்டுப் பாப்பேன் நான்?

இந்த மாதிரி கணக்கெடுக்கிற பழக்கம் 1900ல அமெரிக்காவுல கிறிஸ்துமஸ் அன்னைக்கு ஆரம்பிச்சதுங்க. அது வரைக்கும் அன்னைக்குத் துப்பாக்கியோட போய் போட்டி போட்டுச் சுடுறது வழக்கம். பிராங்க் சாப்மேன்னு ஒரு பறவை ஆய்வாளர், சுட வேண்டாம், எண்ணலாம்னு சொன்னாரு. நம்ம ஊர்ல நமக்குன்னே பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இருக்கு, 2015ல இருந்து நடக்குது. பொங்கலை ஒட்டி நாலு நாள். சொந்த ஊருக்குத்தான் எல்லாரும் வருவோம்ல, வீட்டுக் கொல்லையில நின்னே எண்ணலாம். ஜனவரியில ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு வேற இருக்கு, அது 1987ல இருந்து. நம்ம தாமிரபரணிக் குளங்களுக்குன்னே 2011ல இருந்து ஒரு கணக்கெடுப்பு, மணிமுத்தாறுல இருக்கிற, ஏட்ரீங்கிற சுற்றுச்சூழல் ஆராய்ச்சி அமைப்போட அகத்தியமலை மையத்துக்காரங்க ஆரம்பிச்சது. புதுசா வர்றவங்களைப் பழகின ஆளோட சேத்துத்தான் குளத்துக்கு அனுப்புவாங்க, அதனால எனக்குப் பேர் தெரியாதேன்னு தயங்க வேண்டாம்.

நம்ம மாவட்டத்துல இருக்கிற கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு மட்டும் ஒரு தடவையாவது போங்க. தெருவுல நடக்கிற ஆளுங்க தலைக்கு மேல மரத்துல கூழைக்கடாவும் நாரையும் கூடு கட்டும், அந்த ஊர்க்காரங்க அதுங்களைத் தங்களோட பிள்ளைங்களாட்டம் பாத்துக்கிறாங்க. வரித்தலை வாத்தும் அங்க வரும், மங்கோலியா திபெத் பக்கத்துல இருந்து இமயமலையைத் தாண்டி வர்ற பறவை. வெள்ளைத் தலையில ரெண்டு கறுப்புக் கோடு, தூரத்துல இருந்தே தெரியும்.

வர்ற பொங்கலுக்கு நான் அதே குளத்தங்கரையிலதான் இருப்பேன். அந்தத் தாத்தாவும் வாரேன்னு சொல்லிருக்காரு, காலையில ஆறு மணிக்கு. அவருக்குன்னு ஒரு பைனாகுலர் கேட்டு வாங்கி வச்சிருக்கேன். நன்றி, வணக்கம்.