பறக்காத விமானத்தைக் காப்பது எப்படி?

(திரையில்: இறக்கையின் அடிப்பக்கம். மிக அருகில், சுண்டுவிரல்கூட நுழையாத ஒரு துளை.)

இந்தத் துளையைப் பாருங்கள். தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணி கழன்று விழுந்த இடம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இது வேண்டுமென்றே வைக்கப்பட்ட வடிகால் துளை. இறக்கைக்குள் எப்படியோ புகுந்துவிடும் தண்ணீர் இதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஒரு குளவி உள்ளே மண்கூடு கட்டினால் போதும், வழி அடைபட்டுவிடும். பீரங்கிக்கும் ஏவுகணைக்கும் தப்பி வந்த விமானம் குளவியிடம் மாட்டிக்கொள்ளும்.

(திரையில்: வெயிலில் வரிசையாக நிற்கும் பழைய குண்டுவீச்சு விமானங்கள்.)

இது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், ஆட்வாட்டர். இங்கிருந்த விமானப்படைத் தளத்தின் பெயர் கேசில். இரண்டாம் உலகப்போரில், 1944 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், பெல்ஜியத்தின் வானில் உயிரிழந்த பிரெடெரிக் கேசில் என்ற தளபதியின் பெயர் அது. பி-52 குண்டுவீச்சு விமானம் 1955இல் முதன்முதலாகப் படைச் சேவைக்கு வந்து இறங்கியது இங்கேதான். 1957 ஜனவரியில் இங்கிருந்து கிளம்பிய மூன்று பி-52கள் எங்கும் தரையிறங்காமல், வானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்டு, 45 மணி 19 நிமிடத்தில் உலகைச் சுற்றி முடித்தன.

பனிப்போர் முடிந்தது. 1995 செப்டம்பரில் தளத்தை மூடினார்கள். ஆனால் 1981இலேயே தளத்தை ஒட்டித் திறந்திருந்த விமான அருங்காட்சியகம் மூடவில்லை. தளம் இயங்கியவரை பக்கத்திலேயே படை இருந்தது. பாரந்தூக்கி, பட்டறை, கைதேர்ந்த மெக்கானிக் எல்லாம் கூப்பிடு தூரத்தில். தளம் போனபின் நுழைவுக் கட்டணம், நன்கொடை, தன்னார்வலர்களின் உழைப்பு ஆகியவற்றை நம்பித்தான் பிழைப்பு.

இன்னொரு சங்கதி. இதுபோன்ற அருங்காட்சியகங்களில் நிற்கும் பல விமானங்கள் அவற்றின் சொந்தச் சொத்து அல்ல, இரவல். உரிமை அமெரிக்க விமானப்படையின் தேசிய அருங்காட்சியகத்திடம் இருக்கும். பராமரிப்புச் செலவு இரவல் வாங்கியவர் தலையில். சரியாகப் பார்த்துக்கொள்ளாவிட்டால் திரும்பக் கேட்கலாம். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் மாமனார் அவ்வப்போது எட்டிப்பார்ப்பதுபோல.

(திரையில்: பி-36. அதன் காலடியில் ஓர் ஆள், எறும்புபோல.)

இப்போது இந்த மலைக்கு வருவோம். பி-36 என்ற குண்டுவீச்சு விமானம். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 70 மீட்டர். பின்னோக்கிப் பொருத்திய ஆறு பிஸ்டன் இன்ஜின்கள். பிறகு அதுவும் போதாதென்று நான்கு ஜெட் இன்ஜின்கள். ஒரு பிஸ்டன் இன்ஜினுக்கு 28 சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். பெருக்கிப் பாருங்கள், 336 வரும். அத்தனையையும் கழற்றி மாட்டிய மெக்கானிக்குகளின் வாயில் என்னென்ன வார்த்தைகள் வந்திருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன்.

பி-36 விமானங்கள் மொத்தம் 384 செய்தார்கள். முழு உருவில் இன்று எஞ்சியிருப்பவை நான்கே நான்கு. அதில் ஒன்று இது. இதன் வெளித்தோலில் கணிசமான பகுதி மெக்னீசியத் தகடு. எடை குறைவு என்பதற்காகப் போட்டார்கள். படையினர் இதற்கு வைத்த பட்டப்பெயரே ‘மெக்னீசிய மேகமூட்டம்’.

அங்கேதான் சிக்கல். அலுமினியமும் மெக்னீசியமும் உரசிக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் பட்டால், அந்த இடமே ஒரு சின்ன பேட்டரி ஆகிவிடும். மெக்னீசியம் தன்னைக் கரைத்துக்கொண்டு அலுமினியத்தைக் காப்பாற்றும். அலுமினியத்துக்கும் தனி வியாதி உண்டு. இரும்பைப்போலச் சிவப்பாகத் துருப்பிடிக்காது. உள்ளுக்குள்ளேயே அரித்து, பரோட்டாபோல அடுக்கடுக்காக உப்பும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். விரலால் அழுத்தினால் வெள்ளைப்பொடி உதிரும். அதனால் கண்ணை மட்டும் நம்பக்கூடாது. அனுபவமுள்ளவர்கள் ரிவெட் வரிசையைக் கையால் தடவிப் பார்ப்பார்கள். தலை ஒன்று லேசாகத் துருத்தியிருந்தால் கீழே ஏதோ வளர்கிறது என்று பொருள்.

கலிபோர்னியா வறண்ட பூமிதானே, ஈரம் எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். கோடைக்கு அது சரி. குளிர்காலத்தில் ஆட்வாட்டர் இருக்கும் பள்ளத்தாக்கில் ‘டூலி’ என்ற மூடுபனி இறங்கும். எதிரே வரும் வண்டி தெரியாது. விடிந்து பார்த்தால் இறக்கை முழுக்க வியர்த்திருக்கும்.

கோடை வெயிலும் நல்லதல்ல. ஓட்டுநர் அறையின் கண்ணாடி பல விமானங்களில் உண்மையில் பிளாஸ்டிக். வெயில் பட்டுப் பட்டு மஞ்சளாகி, நுண்விரிசல் விடும். உறை போட்டு மூடுவார்கள், அல்லது வெள்ளைப் பூச்சு அடிப்பார்கள். டயர் ரப்பர் வெடிக்கும். அதனால் பாரத்தை டயரிலிருந்து இரும்புத் தாங்கிகளுக்கு மாற்றிவிடுவார்கள். இன்ஜின் வாய்களுக்கு மூடி போடாவிட்டால் பறவைகள் குடியேறிவிடும். பறவை எச்சம் அமிலம். அது விழுந்த இடத்தில் பெயின்ட் போகும், பிறகு தகடு போகும்.

(திரையில்: பழைய கருவிப் பலகை. முட்கள் நின்றுபோன மானிகள்.)

உள்ளே போனால் வேறு கவலை. அந்தக் காலத்து மானிகளின் எண்கள் இருட்டில் ஒளிரட்டும் என்று ரேடியம் கலந்து எழுதினார்கள். ஒளி எப்போதோ போய்விட்டது, ரேடியம் போகவில்லை. அதன் அரையாயுள் சுமார் 1,600 ஆண்டு. கண்ணாடி உடைந்த மானியைச் சட்டைத் துணியால் துடைக்கும் வேலையே கூடாது. போர்விமானங்களில் விமானியை வெளியே எறியும் இருக்கை உண்டு. அதன் வெடிமருந்தை எடுத்துவிட்டார்களா என்று உறுதிசெய்யாமல் யாரையும் உள்ளே ஏறவிடக்கூடாது.

பெயின்ட் விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. பளிச்சென்று புதுச்சாயம் அடித்தால் மழைக்குக் காப்பு, பார்வையாளருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அடியில் இருந்த பழைய எழுத்துகளும் யாரோ ஒரு மெக்கானிக் கையால் எழுதிய குறிப்பும் பழைய பெயின்டைச் சுரண்டும்போதே போய்விடும். வெளித்தோலுக்குப் புதுச்சாயம் அடியுங்கள். சக்கரம் மடங்கி உள்ளே போகும் கூட்டின் உட்சுவரை விட்டுவிடுங்கள். அங்கே மழை அதிகம் விழாது.

(திரையில்: மீண்டும் பி-36. மெல்லப் பின்வாங்கும் காட்சி.)

இந்த பி-36 இங்கே பறந்து வரவில்லை. இல்லினாய் மாநிலத்தின் சனூட் தளத்தில் நின்றிருந்ததை, 1990களின் தொடக்கத்தில் பிரித்தெடுத்து நாட்டின் குறுக்கே கொண்டுவந்து, இங்கே மறுபடி பூட்டினார்கள். சனூட் தளத்தை 1993இல் மூடினார்கள்; இரண்டு வருடத்தில் கேசிலும் மூடப்பட்டது. சனூட்டிலும் பிறகு ஓர் அருங்காட்சியகம் தொடங்கியது. 2015 கடைசியில் அதற்கும் பூட்டு. அங்கிருந்த விமானங்களுக்கு வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. பி-36 அதற்கு வெகு முன்பே கிளம்பிவிட்டது. இப்போது ஆட்வாட்டரில், தாங்கிகளின்மேல், அடுத்த மூடுபனிக் காலத்தை எதிர்பார்த்து நிற்கிறது. அதற்குள் யாராவது ஏணி போட்டு ஏறி, வடிகால் துளைகளில் மெல்லிய கம்பியை விட்டுப் பார்க்க வேண்டும்.