வால் எந்தப் பக்கம் நீள்கிறது?

வணக்கம் நேயர்களே. கொழும்பு மழையை வைத்துக்கொண்டு கொஞ்சம் கணிதம் பேசப் போகிறேன்: எந்த அளவு எத்தனை தடவை வந்தது என்று தூண்களால் காட்டுகிற வலையுருவரையத்தின் (histogram) வடிவத்தை எப்படி வாசிப்பது என்று. சாதாரண தரத்துக்குப் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் வானொலிப் பக்கம் கூப்பிடுங்கள், கையில் தாளும் பென்சிலும் இருந்தால் இன்னும் நல்லது.

எந்த மாதத்தில் எவ்வளவு மழை என்று ஜனவரியிலிருந்து வரிசையாகத் தூண்கள் வரைந்தால் கொழும்புக்கு இரண்டு மேடுகள் வரும், ஏப்ரல், மே பக்கம் ஒன்று, ஒக்டோபர், நவம்பர் பக்கம் இன்னொன்று. இதைப் பார்த்ததும் இரண்டு உச்சமுள்ள பரம்பல் (அளவுகள் பரவிக் கிடக்கிற விதம்) என்று எழுதிவிடுகிற பிள்ளைகள் நிறையப் பேர். அது பிழை. கிடையச்சில் மாதங்கள் நிற்கின்றன, அதனால் அது வெறும் சலாகை வரைபடம். வலையுருவரையத்தில் கிடையச்சில் மழையின் அளவுதான் இருக்க வேண்டும், அந்த அளவு எத்தனை நாள் வந்தது என்பதைத் தூண் சொல்ல வேண்டும். வடிவத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் கிடையச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

சரி, அதே மழையை நாள்வாரியாக எடுத்து, பத்துப் பத்து மில்லிமீற்றர் வகுப்புகளாகப் பிரித்து வரையுங்கள். மழையே இல்லாத நாளும் தூறலோடு போன நாளும்தான் அதிகம் என்பதால் முதல் தூண் மிக உயரமாக நிற்கும். அப்புறம் மளமளவென்று இறங்கும், பிறகு வெற்றிடம், எங்கேயோ தொலைவில் தனியாக ஒரு குட்டித் தூண். 2010 நவம்பரில் நாடாளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்ததே, அந்த நாள்தான் அது: ஏறத்தாழ 440 மில்லிமீற்றர். கொழும்பின் ஒரு வருட மழையே சராசரியாக 2,400 மில்லிமீற்றர் அளவுதான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வரையம் அழகாக வரவில்லை என்று அந்த நாளை மட்டும் நீக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வடிகால் கட்டுகிறவருக்கு மற்ற எல்லா நாட்களையும் விட அந்த ஒரு நாள்தான் வேண்டும்.

இப்படி வலப்பக்கம் வால் நீண்டால் அது வலப்பக்கம் சாய்ந்த பரம்பல். மேடு இடப்பக்கம் இருக்கிறதே என்று இடப்பக்கச் சாய்வு என்று எழுதிவிடாதீர்கள், பெயர் வைப்பது வாலைப் பார்த்துத்தான். சராசரியும் பெரும்பாலும் வால் இருக்கிற பக்கமே இழுபடும். நம் நாட்டுக் குடும்ப வருமானக் கணக்கெடுப்பை எடுங்கள்: 2019இல் ஒரு வீட்டின் மாத வருமானம் சராசரியாக 76,414 ரூபாய், ஆனால் இடையம், அதாவது வீடுகளை வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் நட்டநடுவில் வருகிற தொகை, 53,333 ரூபாய்தான். பாதி வீடுகளுக்கு அந்த 53,333 கூட இல்லை! வரையத்தைக் காட்டாமல் யாராவது சராசரியை மட்டும் சொன்னால் இடையம் எவ்வளவு என்று கேளுங்கள்.

இன்னொன்று, வகுப்பின் அகலம். ஐந்து ஐந்தாகப் பிரித்தால் ஒரு வடிவம், இருபது இருபதாகப் பிரித்தால் வேறொரு வடிவம். அகலம் கூடினால் இரண்டு மேடு ஒன்றாகிவிடும், குறைந்தால் இல்லாத மேடெல்லாம் முளைக்கும், அதுவும் கையில் இருபது முப்பது தரவு மட்டும் இருந்தால் சொல்லவே வேண்டாம். இரண்டு மூன்று அகலத்தில் வரைந்து பார்த்து, எல்லாவற்றிலும் நிலைத்து நிற்கிற வடிவத்தை நம்புங்கள். வகுப்புகள் சமமில்லாவிட்டால் தூணின் உயரத்தைப் பார்க்காமல் பரப்பைப் பார்க்க வேண்டும், பரீட்சையில் பிள்ளைகள் புள்ளி இழக்கிற இடம் இது.

உண்மையாகவே இரண்டு மேடு வந்தால், இரண்டு வேறு கூட்டம் கலந்திருக்கிறதா என்று தேடுங்கள். ஆனால் கலந்தால் கட்டாயம் இரண்டு மேடு வரும் என்றும் இல்லை. ஆண்கள், பெண்கள் உயரங்களை ஒன்றாகப் போட்டால்கூட அநேகமாக ஒரே அகன்ற மேடுதான் வரும். மணிவடிவமான, ஒரே அளவு பரவலுள்ள இரண்டு கூட்டங்கள் சரிபாதியாகக் கலந்தால், அவற்றின் சராசரிகளுக்கு இடையே உள்ள தூரம் நியம விலகலின் (தரவு சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கிறது என்று காட்டும் அளவு) இரு மடங்கைத் தாண்டினால்தான் மேடுகள் பிரியும். அதனால் ஒரு மேடுதானே என்று விட்டுவிடாமல், ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று எனத் தனித்தனியாகவும் வரைந்து, ஒரே அளவுத்திட்டத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.