மூக்கை நம்பி இறங்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர்கள் விஷவாயு தாக்கி இறந்தார்கள் என்ற செய்தி இல்லாமல் நமக்கு ஓர் ஆண்டு கழிவதில்லை. பெரும்பாலும் அங்கே கொல்வது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அதே வாயுதான். அதைக் கண்டுபிடிக்கும் உலோக ஆக்சைடு நுண்பொருள்களை, அதாவது உலோகமும் ஆக்சிஜனும் சேர்ந்த மிகச் சிறு துகள்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்கு முன் மூக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

வேதியியல் படித்தவர்களுக்குக் கிப் கருவி ஞாபகம் இருக்கும். அந்தக் கண்ணாடிக் கருவிக்குள் இரும்பு சல்பைடின் மேல் அமிலம் பட்டால் இந்த வாயு வரும். உப்புகளைப் பகுத்தறிய அதைப் பயன்படுத்துவோம். ஆய்வகத்துக்குள் நுழைந்ததுமே குமட்டும். கொஞ்ச நேரம் போனால் யாருக்கும் நாற்றமே தெரியாது. மாலையில் வீட்டுக்குப் போனால், "என்ன நாத்தம் இது, முதல்ல சட்டையைக் கழட்டு" என்பார் அம்மா. வாயு எங்கேயும் போகவில்லை, எங்கள் மூக்குதான் பழகிப்போயிருந்தது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோதே மூக்கு இதைக் கண்டுகொள்ளும். அதுவே 100 பங்கை எட்டினால் சில நிமிடங்களில் மோப்ப உணர்வு மரத்துப்போகும். 500ஐத் தாண்டிவிட்டால் ஆள் மயங்கி விழுந்துவிடலாம். திரும்பவும் சொல்கிறேன்: நாற்றம் நின்றுவிட்டது என்பதால் வாயு போய்விட்டது என்று நினைக்காதீர்கள்.

சரி, மூக்கை நம்ப முடியாது, வேறு எதை நம்புவது? ஜப்பானில் 1962இல் செய்யாமா என்ற வேதியியலாளரும் அவருடைய குழுவினரும், சூடாக்கிய துத்தநாக ஆக்சைடு படலம் வாயுக்களை உணர்வதைக் காட்டினார்கள். அதே ஆண்டில் தகுச்சி என்பவர் டின் ஆக்சைடு உணரிக்குக் காப்புரிமை கேட்டார். சமையல் எரிவாயு கசிந்தால் கூவும் அலாரங்கள் அந்த வழியில் வந்தவை. பொறியியல் மாணவர்கள் செயல்திட்டத்துக்கு வாங்கும் எம்கியூ உணரியும் அந்த வகைதான்.

அது வேலை செய்யும் விதம் எளிது. ஆக்சைடை 200 முதல் 400 டிகிரி வரை சூடாக்கினால், காற்றிலுள்ள ஆக்சிஜன் அதன் மேல் ஒட்டிக்கொண்டு எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மின்தடை ஏறும். விஷவாயு வந்து அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்தால் எலக்ட்ரான்கள் விடுபடும், மின்தடை இறங்கும். நடப்பதெல்லாம் மேற்பரப்பில்தான். அதனால்தான் துகள் சிறுக்கச் சிறுக்க உணர்திறன் கூடுகிறது. டின் ஆக்சைடு துகள் 6 நானோமீட்டர் அளவுக்கு வந்ததும் உணர்திறன் செங்குத்தாக ஏறுவதைக் கியூஷு பல்கலைக்கழகத்தார் 1991இல் காட்டினார்கள். தலைமயிரின் பருமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அது!

எனக்கு மிகவும் பிடித்தது தாமிர ஆக்சைடு. டின் ஆக்சைடோடு அதைக் கலந்தால் மின்தடை நன்றாக ஏறிவிடும். ஹைட்ரஜன் சல்பைடு பட்டதும் தாமிர ஆக்சைடு தாமிர சல்பைடாக மாறி, மின்சாரத்தைத் தாராளமாக விடும். மின்தடை தடாலென்று சரியும். வேறு வாயுக்களுக்கு இந்த வேகம் வராது.

நேரம் முடியப்போவதாகக் கை காட்டுகிறார்கள். ஈரப்பதத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன். நீராவி அந்த மேற்பரப்பில் இடம் பிடித்துக்கொள்வதால் அளவீடு பிறழும். குழிக்குள்ளோ ஈரம் சொட்டும். அதனால் இன்று கையில் எடுத்துச் செல்லும் கருவிகளில் பெரும்பாலும் மின்வேதிக் கலங்களே, அதாவது வாயு வினைபுரியும்போது உண்டாகும் மின்னோட்டத்தை அளப்பவையே இருக்கின்றன. எந்தக் கருவியானாலும் முதலில் கயிற்றில் கட்டி அடிவரை இறக்குங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். உள்ளே ஒருவர் மயங்கிவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள், 101க்கு அழையுங்கள். வணக்கம்.