'ஐ' எங்கே, 'மீ' எங்கே?

நேயர்களுக்கு வணக்கம். ஆங்கில இலக்கணம் கற்பிக்கத் தொடங்கிய நாளிலிருந்து நான் ஓயாமல் திருத்திவரும் பிழை ஒன்று உண்டு. 'மீ' வர வேண்டிய இடத்தில் 'ஐ' வந்து உட்கார்ந்துகொள்வதுதான் அது.

ஒரு மாணவி, நல்ல படிப்பாளி, தனக்கும் தோழிக்கும் உதவிய ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதி என்னிடம் காட்டினாள். 'தேங்க் யூ ஃபார் ஹெல்ப்பிங் மை ஃபிரண்ட் அண்ட் ஐ' என்று இருந்தது. கடைசிச் சொல் 'மீ' என்று வர வேண்டும் என்றேன். "மீ என்றால் மரியாதைக் குறைவு இல்லையா, சார்?" என்று கேட்டாள். சிறு வயதில் 'மீ அண்ட் மை ஃபிரண்ட் வென்ட்' என்று சொன்னபோது யாரோ அதட்டித் திருத்தியிருக்கிறார்கள். அங்கே திருத்தியது சரி, காரணத்தைத்தான் சொல்லவில்லை. 'மீ' என்ற சொல்லே கெட்டது என்று அவள் மனத்தில் பதிந்துவிட்டது.

"தோழியை நீக்கிவிட்டு வாசி" என்றேன். 'தேங்க் யூ ஃபார் ஹெல்ப்பிங் ஐ...' அதற்கு மேல் அவளால் வாசிக்க முடியவில்லை. தானே பேனாவை எடுத்துத் திருத்தினாள். மறுபடியும் சொல்கிறேன், நேயர்களே: கூட இருப்பவரை நீக்கிவிட்டு வாசித்துப் பாருங்கள்.

தமிழில் இந்தத் தடுமாற்றம் இல்லை. 'தோழியையும் என்னையும்' என்கிறோம். இரண்டு சொல்லிலும் வேற்றுமை உருபு நிற்கிறது. 'நானையும்' என்று யாரும் சொல்வதில்லை. பழைய ஆங்கிலத்திலும் பெயர்ச்சொற்களுக்கு வேற்றுமை விகுதிகள் இருந்தன. அவை தேய்ந்துபோய், 'ஹி, ஹிம்' போன்ற பிரதிப்பெயர்களில்தான் அந்த வேறுபாடு தங்கியிருக்கிறது. 'ஃபிரண்ட்' எழுவாயானாலும் செயப்படுபொருளானாலும் 'ஃபிரண்ட்'தான். அது முன்னால் வந்து நின்றுவிட்டால் காதுக்கு எந்தக் குறிப்பும் கிடைப்பதில்லை. இன்னொன்றும் கவனியுங்கள்: தமிழில் 'ஐ' செயப்படுபொருளைக் காட்டும் இரண்டாம் வேற்றுமை உருபு, ஆங்கில 'ஐ' எழுவாய். ஒலி ஒன்று, வேலை நேர் எதிர்!

'யூ' இப்போது இரண்டு இடத்திலும் வருகிறது. முன்பு எழுவாய்க்கு 'யீ' இருந்தது. 1611இல் வெளியான ஆங்கில பைபிளில் 'யீ ஷல் நோ த ட்ரூத், அண்ட் த ட்ரூத் ஷல் மேக் யூ ஃப்ரீ' என்று ஒரே வாக்கியத்தில் இரண்டும் உண்டு. 'யீ' மறைந்த பிறகு 'யூ'வும் நமக்குத் துப்புக் கொடுப்பதில்லை. 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்று ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்திலேயே வருகிறதே என்பார்கள். வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் இன்றைய எழுத்து வழக்கில் 'பிட்வீன் யூ அண்ட் மீ' என்பதே சரி. 'பிட்வீன்' இருவரைக் கேட்கும் சொல்; அங்கே ஒருவரை நீக்க முடியாது. அதனால் இருவரையும் சேர்த்துப் பாருங்கள்: 'பிட்வீன் அஸ்' என்போம், 'பிட்வீன் வீ' என்போமா?

'ஹூ', 'ஹூம்' பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. கேள்விக்கு விடை 'ஹி' என்றால் 'ஹூ'. 'ஹிம்' என்றால் 'ஹூம்'. இரண்டும் 'ம்' என்று முடிவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.